பொத்தானை அழுத்திவிட்டுப் பாடலாமா?

எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறைதான். அன்றும் பாதி நேரம் அவரைப் பார்க்க என் பெரியப்பா விடவில்லை.

அது 2016ஆம் ஆண்டு. திரையில் பாட வந்து ஐம்பது ஆண்டுகள் ஆனதையொட்டி எஸ்.பி.பி. உலகப் பயணம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். டொரோண்டோவில் ஆரம்பித்த அந்தப் பயணத்தில் மலேசியாவும் இருந்தது. எனக்கு அப்போது 13 வயது. தமிழ்ப்பள்ளியை முடித்துவிட்டு இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம் படித்துக் கொண்டிருந்தேன். உறவினர்கள் பதினோரு பேர் தைப்பிங்கில் ஒரு வாடகை வேனில் ஏறி, புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு, நெடுஞ்சாலையில் தெற்கே புறப்பட்டோம். அத்தனை பேருக்கும் டிக்கெட் எடுத்தவர் பெரியப்பா. இருப்பதிலேயே விலை குறைந்த டிக்கெட். ஆகவே எங்கள் இருக்கைகள் கிட்டத்தட்டக் கூரையை ஒட்டி இருந்தன. அங்கிருந்து பார்த்தால் மேடையில் நிற்பவர் கட்டைவிரல் உயரம்தான்.

பெரியப்பா அதற்கும் தயாராக வந்திருந்தார். இரவுச் சந்தையில் பத்து வெள்ளிக்கு வாங்கிய ஒரு பிளாஸ்டிக் பைனாகுலர் அவர் சட்டைப்பையில் இருந்தது. முதல் பாட்டு தொடங்கியதும் அதை என் கண்ணில் வைத்தார். நான் ஆசையோடு எஸ்.பி.பி.யைத் தேடிப் பிடித்தேன். பெரியப்பா என் தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பினார்.

"பாப்பா, அவர அப்புறம் பார்க்கலாம். டிரம்சுக்குப் பக்கத்துல நிக்கிறாரு பாரு, பேஸ் கித்தார். அவரு கைய மட்டும் பாரு."

எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு தூரம் வந்தது யாரோ ஒருவர் கம்பியைத் தட்டுவதைப் பார்க்கவா? ஆனால் பெரியப்பாவின் சொல்லைத் தட்ட முடியாது. பார்த்தேன். கொஞ்ச நேரத்தில், இத்தனை நாளும் வானொலியில் கேட்ட பாட்டுக்கு அடியில் வேறொரு பாட்டு ஓடிக்கொண்டிருப்பது காதில் விழ ஆரம்பித்தது. வீட்டு வானொலிப் பெட்டியில் அது இருந்ததே எனக்குத் தெரியாது.

பின்னர் பைனாகுலரை எஸ்.பி.பி. பக்கம் திருப்பினேன். அவருக்கு அப்போது 70 வயது. ஒரு கையில் ஒலிவாங்கி. இன்னொரு கை சும்மா இருக்கவே இல்லை. ஓர் அடியை முடித்து அடுத்த அடிக்குப் போகும் முன் அந்தக் கையைச் சற்றே உயர்த்துவார். அத்தனை வாத்தியங்களும் அந்தக் கைக்காகக் காத்திருக்கும். கை இறங்கினால் தபேலா இறங்கும். ஓர் இடத்தில் பதிவில் இல்லாத ஒரு சங்கதியைப் போட்டார். புல்லாங்குழல் வாசித்தவர் சிரித்துக்கொண்டே அதைத் திருப்பி வாசித்தார். எஸ்.பி.பி. பாடுவதை நிறுத்தி, அவர் பெயரைச் சொல்லி, அவருக்குக் கைத்தட்டல் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பாட்டைத் தொடர்ந்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன் இசையமைத்தவர் யார், எழுதியவர் யார் என்று சொன்னார். முதலில் இதெல்லாம் மேடை மரியாதை என்று நினைத்தேன். நான்கைந்து பாட்டுக்குப் பிறகு, அந்த மனிதர் நிஜமாகவே தம்மைப் பதினைந்து இருபது பேரில் ஒருவராகத்தான் நினைக்கிறார் என்று தோன்றியது.

எங்களுக்குப் பின்வரிசையில் ஓர் அண்ணன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி தம் துணைவியிடம் குறைப்பட்டுக் கொண்டே இருந்தார். "ரெக்கார்டுல இருக்கிற மாதிரி பாடவே மாட்டேங்கிறாரு." பெரியப்பா திரும்பிப் பார்த்தார். சண்டைதான் என்று பயந்தேன். ஆனால் மிகவும் பணிவாக, "தம்பி, ரெக்கார்டு உங்க காடியிலயே இருக்குமே" என்றார். அந்த அண்ணனும் சிரித்துவிட்டார். பிறகு அவருக்கும் பைனாகுலர் போனது!

இதை இத்தனை விரிவாக எழுதக் காரணம், இவ்வாண்டு நம் கழகத்தின் கலையிரவுக்காக நடந்த செயற்குழுக் கூட்டம். மேடையில் வாத்தியக் குழு வேண்டுமா, கராவோக்கே இசை போதுமா என்று வாக்கெடுப்பு நடந்தது. கராவோக்கேவுக்கு 9, வாத்தியக் குழுவுக்கு 4. நான் நால்வரில் ஒருத்தி. தோற்றவள் புலம்புகிறாள் என்று நினைத்தாலும் பரவாயில்லை. அந்தக் கூட்டத்தில் எனக்குக் கொடுக்கப்பட்ட இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் எதிர்த்தரப்பின் நியாயத்தைச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து ஓர் இன்னிசைக் குழுவை அழைத்தால் 3,800 ரிங்கிட் என்று விலை வந்தது. நம் கழகத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொகையின் கனம் தெரியும். ஒலிச்சோதனைக்கு அரை நாள் வேண்டும். நமக்கு மண்டபம் கிடைப்பதோ மாலை 4 மணிக்குத்தான். கராவோக்கே என்றால் ஒரு மடிக்கணினி, ஓர் ஒலிபெருக்கி போதும். பாடுகிறவர் பயிற்சி செய்த அதே இசைதான் மேடையிலும் ஒலிக்கும், தடுமாற்றம் இல்லை. நம் பொருளாளர் இதையெல்லாம் அடுக்கியபோது என்னிடம் நல்ல பதில் இல்லை. அவர் மீது எனக்கு இப்போதும் கோபமில்லை. (அவர் என் அறைத்தோழி. கோபம் இருந்தாலும் எழுத முடியாது.)

ஆனால் ஒருவர் சொன்ன வாதத்தை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. "பார்க்க வர்றவங்க பாடுறவங்களத்தான் பார்க்கிறாங்க. பின்னால யார் வாசிச்சா என்ன, வாசிக்காட்டி என்ன?" என்றார்.

பின்னால் வாசித்தவர்களில் ஒருவர் என் பெரியப்பா. தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. ஓய்வு நாள்களில் பேஸ் கித்தார். 1980களில் பேராக்கின் வடபகுதித் தோட்டங்களில் திருமணம், மாரியம்மன் கோவில் திருவிழா, தீபாவளிக் கலைநிகழ்ச்சி என்று அவர்களின் இன்னிசைக் குழு லாரியில் ஏறிப் போகும். ஏழு பேர். யாருக்கும் இசைக்குறியீடு வாசிக்கத் தெரியாது. கேசட்டை ஓடவிட்டு, நிறுத்தி, திருப்பி, மறுபடி ஓடவிட்டு, அவரவர் பகுதியைக் காதாலேயே பிடிப்பார்களாம். இளையராஜா பாட்டு ஒன்றின் பேஸைப் பிடிக்க மூன்று வாரம் ஆனது என்று பெருமையாகச் சொல்வார். இளையராஜாவின் குழுவில் பேஸ் சசிதரன், கித்தார் சதானந்தம், டிரம்ஸ் புருஷோத்தமன், புல்லாங்குழல் நெப்போலியன் என்கிற அருண்மொழி. இந்தப் பெயர்களையெல்லாம் நான் பெரியப்பா வாயிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். கேசட் அட்டையில் இந்தப் பெயர்களைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. நடிகரின் படம் இருக்கும்.

பிறகு விசிடி வந்தது. அதோடு கராவோக்கே வந்தது. ஒரு தட்டு, ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, இரண்டு ஒலிவாங்கி. கல்யாண வீட்டார் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். இன்று நம் செயற்குழு போட்ட அதே கணக்குத்தான். 1998இல் பெரியப்பாவின் குழு கடைசியாக மேடையேறியது. வாத்தியங்களைப் பிரித்துக்கொண்டு அவரவர் வழியில் போனார்கள். பேஸ் கித்தார் அலமாரியின் மேல் போனது.

சரி, காலம் மாறுகிறது, மாறட்டும் என்பீர்கள். நானும் பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. பெரியப்பாவின் குழு அப்படியொன்றும் அற்புதமாக வாசித்ததாக என் பெரியம்மாவே ஒப்புக்கொள்ள மாட்டார். நான் கேட்பது வேறு. நாம் இரசித்துக் கொண்டாடும் பாடகர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

எஸ்.பி.பி.யையே எடுத்துக்கொள்வோம். அவரும் நம்மைப் போல் ஒரு மாணவர். அனந்தப்பூரில் பொறியியல் படிக்கச் சேர்ந்தவர். முறையாகக் கர்நாடக இசை கற்றவரல்லர். 1964இல் சென்னையில் நடந்த பாட்டுப் போட்டி ஒன்றில் முதல் பரிசு பெற்றார். போட்டிகளில் பாடிய அந்த மாணவரைக் கண்டெடுத்து 1966இல் திரையில் பாட வைத்தவர் இசையமைப்பாளர் எஸ்.பி. கோதண்டபாணி. அந்த நன்றிக்காகவே பின்னாளில் தாம் கட்டிய ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அவர் பெயரையே வைத்தார். இது பலருக்கும் தெரிந்த கதை. அவ்வளவாகப் பேசப்படாத இன்னொன்று உண்டு. அந்த நாள்களில் எஸ்.பி.பி. ஒரு மெல்லிசைக் குழுவை நடத்தினார். அதில் கித்தாரும் ஆர்மோனியமும் வாசித்தவர் இளையராஜா. தாளம் பாஸ்கர். இன்னொரு கித்தார் கங்கை அமரன். இளையராஜாவின் முதல் படம் 'அன்னக்கிளி' வெளிவந்தது 1976இல். அதற்கு முன் பல ஆண்டுகள் அவர், என் பெரியப்பாவைப் போல, யாரோ ஒருவரின் பாட்டுக்குப் பின்வரிசையில் வாசித்துக் கொண்டிருந்தவர்.

'யார் வாசித்தால் என்ன' என்று அன்று சென்னையில் யாரேனும் கேட்டு, அந்த வாத்தியக்காரர்களுக்கு மேடையே இல்லாமல் போயிருந்தால்? இந்தக் கேள்வியைக் கூட்டத்தில் கேட்க நினைத்தேன். இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது.

கராவோக்கே இசை காத்திருக்காது. நீங்கள் மூச்சு வாங்கினாலும் அது போய்க்கொண்டே இருக்கும். ஆண் குரலுக்கு அமைத்த சுருதியில் நம் பெண்கள் பாடித் தொண்டை கட்டிக்கொண்டு இறங்கி வருவதைச் சென்ற ஆண்டு கலையிரவில் நானே பார்த்தேன். சுருதியைக் கணினியில் கூட்டிக் குறைக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பாடுகிறவர் முகத்தைப் பார்த்து அடுத்த அடிக்குக் காத்திருக்கும் மென்பொருள் எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை. மேடையில் தவறு நேரலாம் என்ற பயமே இல்லாவிட்டால் அது என்ன நேரடி நிகழ்ச்சி? மூன்று மாதம் வீட்டில் கைப்பேசியோடு பாடியதை ஒரு நாள் பட்டுச்சேலை கட்டி மண்டபத்தில் பாடுகிறோம், அவ்வளவுதான்.

வாத்தியம் வாசிக்க ஆளில்லை என்பதும் சரியான பேச்சல்ல. வாக்கெடுப்பில் தோற்ற மறுநாள் நானே ஒரு கணக்கெடுப்பு நடத்தினேன். தேசியப் பள்ளிகளில் படித்த நம்மில் எத்தனை பேர் பள்ளி வாத்தியக் குழுவில் இருந்தோம்! நான் ஐந்து ஆண்டு கிளாரினெட் வாசித்தேன். தேசிய தினத்துக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் வெயிலில் நின்று வாசித்தபோது, நாற்பது பேர் ஒரே நேரத்தில் மூச்சு விடுவது என்றால் என்ன என்று கற்றுக்கொண்டேன். அந்தக் கிளாரினெட்டில் ஒரு தமிழ்ப் பாட்டை வாசித்துப் பார்க்கலாம் என்று எனக்கும் தோன்றியதில்லை, என்னை யாரும் கேட்டதுமில்லை. நம் கழக உறுப்பினர்களில் இன்னும் இரண்டு பேர் டிரம்பெட், ஒருவர் சாக்சபோன், இரண்டு வயலின், ஒரு மிருதங்கம், கீபோர்டு மூன்று. நான் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் மட்டும் இத்தனை பேர்.

உறுமி மேளத்தை மறந்தே விட்டேன் பாருங்கள். தைப்பூசம் நெருங்கினால் நம் ஆண் உறுப்பினர்கள் பாதிப் பேர் வாரக்கடைசியில் காணாமல் போவார்களே, எங்கே போகிறார்கள்? கோவில் வளாகத்தில் இரவு 12 மணி வரை பயிற்சி. காவடி எடுப்பவரின் கால் பார்த்து அடியை மாற்றுவார்கள். அவர் தளர்ந்தால் தாளம் குறையும், அருள் வந்தால் ஏறும். பாடுபவர் கையைப் பார்த்துத் தபேலா இறங்குவதும் காவடிக்காரர் காலைப் பார்த்து உறுமி ஏறுவதும் என் கண்ணுக்கு ஒரே வித்தைதான். அதே தம்பிகள் நம் கலையிரவில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? நாற்காலி தூக்குகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரைக்காக நம் கழகத்தின் பழைய ஆண்டிதழ்களைப் புரட்டினேன். ஒரு கலையிரவுப் படத்தில் ஒரு மாணவி பாடிக்கொண்டிருக்கிறார். பின்னால் கீபோர்டும் டிரம்ஸும் தெரிகின்றன. ஆக, நமக்கும் ஒரு காலத்தில் வாத்தியக் குழு இருந்திருக்கிறது. படத்துக்குக் கீழே பாடிய மாணவியின் பெயர், துறை, ஆண்டு எல்லாம் தெளிவாக அச்சாகியிருக்கிறது. வாசித்தவர்களின் பெயர் இல்லை. இன்று இதைப் படிக்கும் முன்னாள் மாணவர்களில் ஒருவராக அந்தக் கீபோர்டுக்காரர் இருக்கக்கூடும். ஐயா, நீங்கள் யார்?

பெயரைச் சொல்வது வெறும் மரியாதை மட்டுமல்ல, உரிமையும்கூட என்பதை எஸ்.பி.பி.யின் அதே பயணம்தான் பின்னர் உலகுக்குக் காட்டியது. 2017 மார்ச்சில் அவர் அமெரிக்காவில் இருந்தபோது, தம் அனுமதியின்றித் தம் பாடல்களை மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வழக்கறிஞர் அறிவிப்பு வந்தது. சட்டம் அதுவானால் மதிக்கிறேன் என்று சொல்லி, மற்ற இசையமைப்பாளர்களின் பாடல்களோடு எஸ்.பி.பி. பயணத்தைத் தொடர்ந்தார். இரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து வசைபாடிக் கொண்டார்கள். 2019 ஜூன் 2ஆம் நாள் இளையராஜாவின் பிறந்தநாள் மேடையில் எஸ்.பி.பி. மறுபடியும் அவர் பாடல்களைப் பாடினார். அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரு பாட்டை மேடையில் பாடினால் அதைப் படைத்தவருக்குப் பங்கு உண்டா என்ற கேள்வியாவது அங்கே எழுந்தது. நாமோ இணையத்திலிருந்து இசையை இறக்கிக்கொள்கிறோம். இசையமைத்தவர் பெயரும் சொல்வதில்லை, எழுதிய கவிஞர் பெயரும் சொல்வதில்லை. தமிழ்மொழிக் கழகம் நடத்தும் மேடையில் கவிஞரின் பெயரை விட்டுவிடுவது கொஞ்சம் வெட்கமாக இல்லையா?

வெட்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட எஸ்.பி.பி.யை, தமிழ் உச்சரிப்பைச் சரிசெய்துகொண்டு வா என்று எம்.எஸ். விஸ்வநாதன் முதலில் திருப்பி அனுப்பினாராம். இதை எஸ்.பி.பி.யே பல மேடைகளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். போனவர் சரிசெய்துகொண்டு வந்தார். 1996ஆம் ஆண்டுக்கான தேசிய விருதை 'மின்சார கனவு' படத்தில் பாடிய தமிழ்ப் பாட்டுக்கே பெற்றார். ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்த நம்மில் சிலர் கைப்பேசியில் ரோமன் எழுத்தில் பாட்டு வரியைப் பார்த்துப் பாடுகிறோம். இதற்கு மேல் எழுதினால் அடுத்த ஆண்டு என்னைச் செயற்குழுவில் சேர்க்க மாட்டார்கள்.

2020 செப்டம்பர் 25 அன்று எஸ்.பி.பி. இறந்த செய்தி வந்தபோது நான் ஐந்தாம் படிவத்தில் இருந்தேன். வீட்டில் எல்லாரும் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தோம். எந்தத் தொலைக்காட்சியைத் திருப்பினாலும் அவர் பாடிக்கொண்டிருந்தார். பெரியப்பா மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனார். சற்றுக் கழித்துத் தேநீர் கொண்டுபோனேன். கார் நிறுத்தும் இடத்தில் நின்றபடி, இடக்கை விரல்களைத் தம் வலது முன்கையின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டிருந்தார். என்ன பாட்டு என்று நான் கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டுத் தேநீரை வாங்கிக்கொண்டார்.

செயற்குழு முழுவதும் கல்நெஞ்சம் கொண்டதல்ல. வாக்கெடுப்புக்குப் பிறகு தலைவர் என்னைக் கூப்பிட்டு, இவ்வாண்டுக் கலையிரவில் 15 நிமிடம் தருவதாகச் சொன்னார். செலவு கழகத்துடையதல்ல. ஒலிச்சோதனைக்குத் தனி நேரமும் இல்லை. மூன்று பாட்டு. ஒப்புக்கொண்டேன். கிளாரினெட், ஒரு டிரம்பெட், இரண்டு வயலின், கீபோர்டு, மிருதங்கம், உறுமி இரண்டு. இப்படியொரு கூட்டணியை எந்த இசையமைப்பாளரும் இதுவரை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். முதல் பயிற்சியில் நாங்கள் எழுப்பிய சத்தத்துக்கு விடுதிக் காவலாளி வந்து கதவைத் தட்டினார். இரண்டாவது பயிற்சியில் வரவில்லை. முன்னேற்றம்தானே!

பேஸுக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. தயங்கித் தயங்கிப் பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். கித்தார் அலமாரி மேல் கிடக்கிறது, கம்பியெல்லாம் துருப்பிடித்துவிட்டது, விரலும் முன்பு போல் மடங்காது என்று வரிசையாகக் காரணம் சொன்னார். நான் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தமில்லை. பிறகு அவரே கேட்டார்.

"பாடுறது பொம்பளப் புள்ளையா, ஆம்பளப் புள்ளையா? சுருதி என்னன்னு மொதல்ல சொல்லு."